வியாழக்கிழமை திரும்புவேன்

ஒண்டிக்கடை முக்கில்
உரக் கிட்டங்கிக்கு மேலே பதினொரு படி.
அங்கேதான் காபிக்காரர் சங்கத்தின் சர்வர்,
மூடுபனிக்குப் பயந்து
ஒரு பழைய மழைக்கோட்டின் மேல்பாதியைப் போர்த்தியபடி.

முந்நூற்றுப் பன்னிரண்டு முகவரிகள்.
ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகவேண்டும்.
சொன்னால் ஒரு வரி.
செய்து முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம்.
யார் எழுதலாம், யார் வாசிக்க மட்டும்.
ஐந்து முறை திரும்பி வந்த முகவரியை
ஆறாம் முறை தட்டக் கூடாது.
உறுப்பினர் அல்லாதவர் எழுதினால் நிறுத்தி வை,
நான் பார்த்து அனுப்புகிறேன்.
பதில் போட்டால் அது எழுதியவருக்கு மட்டுமா,
எல்லோருக்குமா?
இதற்குச் செயற்குழுவில் கைதூக்கி வாக்கெடுத்தோம்.
எல்லோருக்கும் என்றவர்கள் பதினேழு பேர்.
வேண்டாம் என்ற ஒன்பதில் என் கையும் ஒன்று.

ருக்மாங்கதன் மைத்துனி கல்யாணத்துக்கு
ஆத்தூர் போனார்.
மரியாதையான மனுஷன்,
போகும்முன் தானியங்கிப் பதில் வைத்துவிட்டுப் போனார்:
"விடுப்பில் இருக்கிறேன். வியாழக்கிழமை திரும்புவேன்.
அவசரமென்றால் சாமிதுரையை அழைக்கவும்."

இரவு ஒன்பது நாற்பதுக்கு
யாரோ மிளகு விலை கேட்டார்கள்.
சர்வர் அதை எல்லோருக்கும் கொடுத்தது.
ருக்மாங்கதனின் பெட்டி, அவர் விடுப்பில் என்றது.
சர்வர் அதையும் எல்லோருக்கும் கொடுத்தது,
ருக்மாங்கதனுக்கும்.
அவர் விடுப்பில் என்று கேள்விப்பட்ட அவர் பெட்டி
அப்படியா, அவர் விடுப்பில் என்றது.

பத்தரைக்குச் சாமிதுரை என்னை அழைத்தார்.
"எல்லாரும் எனக்கே போன் பண்றாங்கம்மா.
என்ன அவசரம்னு கேட்டா
அதைத்தான் உங்களைக் கேக்கிறோம்ங்கிறாங்க."

நான் கீழே, அஸ்தம்பட்டியில்,
பாதித் தோசையில்.
வெளியிலிருந்து யாரும் சர்வருக்குள் நுழையாதபடி
எல்லாக் கதவையும் பூட்டியவள் நான்தான்.
கெட்டிக்காரி என்று அன்று பாராட்டினார்கள்.

அடிவாரச் சோதனைச் சாவடியில்
ஸ்கூட்டரை மறித்தவர் டார்ச்சை என் முகத்தில் அடித்தார்.
"இந்நேரத்துல மலைக்கு என்ன அவசரம்?"
"ஒருத்தர் லீவுல இருக்கார் சார்."
கட்டையைத் தூக்கிவிட்டார்.
ஏன் தூக்கினார் என்று இன்றும் தெரியாது.

முதல் கொண்டை ஊசி. இரண்டாவது.
பையில் போன் துடித்துக்கொண்டே வந்தது.
ஒவ்வொரு வளைவிலும்
சேலத்தின் விளக்குகள் இடப்பக்கம் போய்
வலப்பக்கம் வந்தன,
போன இடத்திலிருந்தே மறுபடி வந்தன.
பதினான்காவதில் நிறுத்திப் பார்த்தேன்:
விடுப்பில் இருக்கிறேன், விடுப்பில் இருக்கிறேன்,
நடுவே நாகலூர்க்காரர் ஒருவர்
"தயவுசெய்து நிறுத்துங்கள்" என்று எல்லோருக்கும் எழுதியிருந்தார்.
அதற்கும் பதில் போயிருந்தது.

மழைக்கோட்டை விலக்கினேன்.
சர்வர் சுட்டது, காய்ச்சல் கண்ட நெற்றி மாதிரி.
வரிசையை நிறுத்தினேன்.
ஆறாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
அழித்துவிட்டு ஒரு விதி எழுதினேன்:
தானாக வந்த பதிலை
யாருக்கும் தராதே.
இதை ஜூனிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அப்போதுதான் கண்ணில் பட்டது
நிறுத்தி வைத்த கடிதங்களின் பெட்டி.
ஒன்றே ஒன்று. பதினொரு நாள் பழசு.
மஞ்சக்குட்டை குழந்தையன்,
மகளின் முகவரியிலிருந்து.
உறுப்பினர் குழந்தையன்தான், அந்த முகவரி அல்ல.
"பள்ளிக்கூடப் பாதையில் ரெண்டு காட்டெருமை நிக்குது.
காலையில் பிள்ளைகளை அந்த வழி விட வேண்டாம்.
எல்லாருக்கும் சொல்லிடுங்க."

அனுமதி. நிராகரி.
இரண்டு பொத்தானும் ஒரே அளவு.
இப்போது அனுப்பினால்
இல்லாத எருமைக்கு மலை முழுக்க விழித்துக்கொள்ளும்.
அழித்தால் அவர் சொல்லவே இல்லை என்றாகிவிடும்.

இரண்டையும் தொடாமல்
அவருக்கு மட்டும் எழுதினேன், மன்னிப்புக் கேட்டு.

விடிகாலை ஐந்து மணிக்கு எழுதியிருந்தார்:
"அதுங்க மறுநாளே போயிருச்சுங்க.
நானே வழியில நின்னு சொல்லிட்டேன்.
நீங்க இன்னும் தூங்கலையா?"

வியாழக்கிழமை பத்து மணிக்கு
ருக்மாங்கதன் படியேறி வந்தார்,
கையில் கல்யாண வீட்டு முறுக்கு.
"நான் இல்லாதப்ப ஏதாச்சும் அவசரமா?"